மலைக்குப் பின்னால் வெயில்

சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில், மேற்கு ஜன்னலோரம், ஜெயமதி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பசி, ஆனாலும் மூடியைத் திறக்கவில்லை. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத ஜைனக் குடும்பம் அவளுடையது. "சீக்கிரம் சாப்டுங்கம்மா. சாப்ட்ட பிறகு எடுக்குற ரத்தந்தான் பாக்கி. டாக்டர் கெளம்பிட்டா அடுத்த மாசந்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள் நர்ஸ். ஜன்னலில் சூரியனைக் காணோம், மலைதான் நிற்கிறது. அதன் நிழல் தெருவையும் ஆட்டோக்களையும் எதிர்க்கடை வாழைத்தாரையும் மூடிவிட்டது. ஆனால் உச்சி விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு இன்னும் எரிகிறது. பொழுது போய்விட்டதா, மலைக்குப் பின்னால்தான் இருக்கிறதா? மலை நிழல் எட்டாத கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மகன் ஜினசேனனுக்குப் போன் போடுகிறாள். "இங்க கொல்லைல நல்லா வெயில் அடிக்குதும்மா, நீ சாப்டு" என்கிறான். அங்கே அடிக்கிற வெயிலுக்கு இங்கே சாப்பிடலாமா? மூடியை நெம்புகிறாள். இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகையில் யாரோ டியூப்லைட்டைப் போடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் மலை மறைந்து, வாய் திறந்தபடி அவள் முகம் தெரிகிறது.