இருபத்திரண்டு பெட்டி வயர்

"மாமா, நிறுத்துங்க! உங்களுக்கு என்ன பைத்தியமா?"

மாமா நிறுத்தவில்லை. ஒன்பதாவது பெட்டியைக் கிழித்தார். நீல வயர்ச் சுருளை வெளியே இழுத்துப் போட்டார். பெரிய கட்டரை அதன்மேல் வைத்து நாலு இடத்தில் அழுத்தினார். முந்நூறு மீட்டர் வயர் முழம் முழமாகத் தரையில் உதிர்ந்தது.

அத்தனையும் புது வயர். நெட்வொர்க் வயரை ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது, இப்படி நறுக்கினால் குப்பைதான். எனக்கே தெரியும். பதினெட்டு வருஷமாக இதே வேலை பார்க்கிற மனுஷனுக்குத் தெரியாதா?

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இந்த டேட்டா சென்டரில் கேபிள் வேலைக்கு மேஸ்திரி. ஸ்கூலை விட்டுவிட்டு வீட்டில் தினமும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, "வாய் மாதிரியே கையும் வேகமாத்தான் இருக்கு, என்கூட வா" என்று கூட்டி வந்தவர். இந்த ஹால் முடிந்தால் சூப்பர்வைசர். அக்கா தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

அந்த சூப்பர்வைசர் வேலையைத்தான் இப்போது தன் கையாலேயே நறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாளி திட்டினாருன்னு வயர் மேல கோபத்தைக் காட்டுறீங்களா?"

"அடுத்த பெட்டியைப் பிரிச்சுக் குடு, வாயாடி."

"முடியாது."

"அப்ப பேசாம நில்லு."

ஸ்டோர் ரூம் ஏணிமேல் நின்று சாமான் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவர் சிரித்தார். "மச்சினி சொல்லியும் கேக்கலைன்னா முத்திடுச்சுன்னு அர்த்தம்!"

மாமாவுக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. இந்த வயரைப் பார்த்து வாங்கியது முதலாளி. மாட்டிக்கொண்டது மாமா.

முந்தாநாள் டேட்டா சென்டர் இன்ஜினியரம்மா ஸ்டோர் ரூமுக்கு வந்து, ஒரு துண்டை வெட்டி லைட்டரைக் காட்டினார்கள். குபுகுபுவென்று கரும்புகை. அங்கே நின்ற ஆறு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம்.

"புகை கம்மியா வர்ற உறை போட்ட வயர்தான் வேணும்னு எழுதியே குடுத்தேனே!"

"இதுல ஓடுறது துளியூண்டு கரண்ட் மேடம். இது எங்க எரியப் போகுது?" என்றார் முதலாளி.

"இதுவா எரிய வேணாம். பக்கத்துல எது எரிஞ்சாலும் இதுவும் சேர்ந்து புகையும். அந்தப் புகை பட்டா என் மெஷினெல்லாம் அரிச்சுப் போயிடும். எடுத்துட்டுப் போங்க. எங்க கொண்டு போய்ப் போடுவீங்களோ, அது உங்க பாடு."

முதலாளி சட்டென்று மாமா பக்கம் திரும்பினார். "பாத்து வாங்கத் தெரியாதாய்யா உனக்கு?"

வாங்கியது இவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதித்தார்.

நேற்று நல்ல வயர் வந்து இறங்கியது. வேலையும் ஆரம்பித்தாயிற்று. இன்று காலை முதலாளி போனில் மாமாவிடம் என்னவோ சொன்னார். எப்போதும் வருகிற "சரி சார்" வரவில்லை. போனை வைத்துவிட்டு நேராக ஸ்டோர் ரூமுக்கு வந்தவர்தான்.

பதினாறாவது பெட்டியில் முதலாளியே வந்துவிட்டார். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான்.

"யோவ்! என்னய்யா பண்ணிட்டு இருக்க?"

"நறுக்கிட்டு இருக்கேன் சார்."

"அது தெரியுது. ஏன்னு கேக்குறேன்!"

"முழுசா இருந்தா யாராவது எடுத்து ஓட்டிடுவாங்க சார்."

"அதுக்குத்தானேய்யா வயரு!"

மாமா கட்டரை அழுத்தினார்.

"இங்க வேணாம்னு சொன்னதை வேற இடத்துல வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கறாங்கய்யா. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இத்தோட உனக்கு இங்க வேலை இல்ல. சூப்பர்வைசரும் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. கிளம்பு!"

"சரி சார். இன்னும் ஆறு பெட்டி இருக்கு. முடிச்சிட்டுக் கிளம்பறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. நான் வீட்டுக்கே வர மாட்டேன்" என்று கத்தினேன்.

அப்போது லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு சீட்டு.

"இருபத்திரண்டு பெட்டி ஏத்தச் சொன்னாங்களே, சரக்கு எங்கண்ணே?"

தரையில் கிடந்த நீலத் துண்டுகளைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் சீட்டைப் பிடுங்கிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

பிறகு பதினேழாவது பெட்டியை நானே கிழித்தேன். சுருளை இழுத்து மாமா முன்னால் போட்டேன். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வெட்டினார்.

"ஏய், நீயுமா? படிப்பும் இல்ல, இப்ப வேலையும் இல்ல. நடுத்தெருவுல நில்லு போ!" என்றார் முதலாளி.

"நிக்கிறேன் சார். கொஞ்சம் தள்ளுங்க, துண்டு காலைக் குத்தும்."

பதினெட்டாவது பெட்டிக்குப் போவதற்கு முன், ஏணிமேல் இருந்தவர் இறங்கி வந்து கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். அவர் சத்தமாகவே படித்தார்:

"பெட்டி இருபத்திரண்டு. மேஸ்திரி கூடவே நின்று, ஒன்றுகூட விடாமல் ஏற்றி அனுப்பவும். இறக்கும் இடம்: குழந்தைகள் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பச்சிளங்குழந்தைகள் வார்டு."