இறங்கத் தெரியாத சவாரி

தன் தங்கை தோவாவின் கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் சிக்காதபடி அதன் ஓரத்தைத் துணிக் கிளிப்பால் பிடித்துவிடுகிறாள் துயெட். ஹனோய் ஏரிக்கரைச் சாலையில் காலை வெயில் இலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. விமானங்கள் குண்டு போட வந்தால் ஆளுக்கொன்றில் இறங்கிப் பதுங்கிக்கொள்ள, சாலையோரம் நெடுகக் குழிகள் வாய் திறந்திருக்கின்றன. “இறங்குறது எப்படிக்கா?” என்கிறாள் தோவா. “மொதல்ல ஓட்டப் பழகுடி. இறங்குறத நாளைக்குச் சொல்லித் தரேன். என்ன ஆனாலும் மிதிக்கிறத மட்டும் நிறுத்தாத.” “நான் விழுந்தா பரவால்ல, உன் வண்டி விழக் கூடாது, அதானே?” துயெட் சிரித்துக்கொண்டே இருக்கையைப் பிடித்துத் தள்ளியபடி ஓடி, ஓரிடத்தில் கையை எடுக்கிறாள். வண்டி நெளிந்து நெளிந்து நேராகிறது. அப்போது அபாயச் சங்கு அலறுகிறது. சாலையில் போகிறவர்கள் வண்டிகளைப் போட்டுவிட்டுக் குழிகளில் குதிக்கிறார்கள். தோவா மட்டும் ஒவ்வொரு குழியாகக் கடந்து போய்க்கொண்டிருக்கிறாள். “குதிடி, தோவா, விழுந்துடுடி” என்று கத்துகிறாள் துயெட். “நிறுத்தத் தெரியலக்கா” என்ற குரல் தேய்கிறது. கால்கள் இன்னும் வேகமாக மிதிக்கின்றன. வாத்துமுட்டை விற்கிறவள், “நீயாவது உள்ள போ தாயி” என்று துயெட்டைக் குழிக்குள் தள்ளுகிறாள். மண் நெஞ்சில் உதைக்கிறது. வாய் நிறையப் புழுதி, காதில் ரத்தம். ஏறி வந்து பார்த்தால் மரங்கள் பிளந்து கிடக்கின்றன, ஏரி மீன்கள் தாரில் துடிக்கின்றன, தோவா போன திசையில் சாலையே இல்லை, தோவாவும் இல்லை. குண்டு பறித்த பள்ளத்தின் விளிம்பில் சைக்கிளின் முன்பாதி மட்டும் கிடக்கிறது. கைப்பிடி ரத்தத்தில் வழுக்குகிறது. துயெட் அதைத் தூக்கி நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பார்க்கிறாள். சக்கரத்தை அது இறுகப் பிடிக்கிறது.