சாகாத வரிசை

சாகவேண்டிய செல்கள் இன்றைக்கும் சாகவில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தட்டின் ஆறாவது வரிசையில் குழி குழியாகப் பிணம் தேடினேன். எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்து வளர்த்த நரம்பணுக்கள் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு சுகமாகக் கிடந்தன. நேற்று மதியம் நானே அவற்றின் மேல் பெராக்ஸைடு ஊற்றியிருந்தேன்.

மற்ற ஐந்து வரிசைகள் பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை. அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையே வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கொடுத்தாயிற்று. அது பட்டதும் செல் தனக்கு வேண்டிய காவல் நொதிகளைத் தானே அதிகமாகச் செய்துகொள்ளும். அப்புறம் பெராக்ஸைடு வந்தால், அதை வெறும் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துப்போட்டுவிடும்.

ஆறாவது வரிசைக்கு அந்தப் புரதம் கிடையாது. அது செத்தால்தான், மற்றவை மருந்தால் பிழைத்தன என்று நான் சொல்ல முடியும்.

மூன்று வாரமாகச் சாக மறுக்கிறது.

பெராக்ஸைடு புட்டியை மாற்றினேன். இன்குபேட்டரை மாற்றினேன். போன வாரம் எலியையே மாற்றினேன். இந்தத் தடவையும் சரியாக வராவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார் கைடு. அது போனால் என் ஐந்து வருட ஆராய்ச்சியில் மிஞ்சுவது முன்னுரைதான்.

இதைப் பார்க்கவா வைட்ஃபீல்டிலிருந்து முதல் மெட்ரோவைப் பிடித்து ஓடி வந்தேன்?

நாற்காலியை ஓர் உதை விட்டேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

தொட்டியடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஜெயலட்சுமி அக்கா குழாயை மூடினார். இருபது வருடமாக இந்த ஆய்வகத்தின் டெக்னீஷியன். வீடு பக்கத்திலேயே, நீலசந்திராவில். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்களுக்குப் புரதம் விடுவது அவர் பொறுப்பு.

"ஆறாவது வரிசைக்கும் அந்தப் புரதத்த நான் ஸ்வல்ப விட்டேம்மா" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்று வாரமாக நான் புட்டியோடும் எலியோடும் மல்லுக்கட்டியதை இந்த மனுஷி பார்த்துக்கொண்டுதானே இருந்தார்! மருந்தில்லாத வரிசை எதற்கென்று தெரியாதவரா அவர்? உங்களுக்கென்ன பைத்தியமா என்று கத்தியே விட்டேன்.

அக்கா ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் வந்தப்ப புது மருந்து ட்ரயல்ல சேத்துவிட்டேம்மா. பயப்படாதீங்க, நாங்க லேப்ல செய்யறதுதான்னு சொல்லிக் கையெழுத்துப் போட வெச்சதே நான்தான். மூணு வருஷமும் அவருக்குக் குடுத்தது மருந்தே இல்லாத மாத்திரையாம். அவர் போய் வருஷம் திரும்பிடுச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் அதைச் சொல்லி லெட்டர் வந்துச்சு, அவர் பேருக்கு, கலந்துக்கிட்டதுக்கு நன்றின்னு."