பயணி ஒருவர்

மாலுமிகள் என்ற கட்டத்தில் அவள் பெயர் இல்லை.

துறைமுகக் குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரி தாளைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. கேப்டன் என்ற இடத்தில் கணவர் பெயர். லைசன்ஸ் அவருடையது, அது சரி. அதற்குக் கீழே மாலுமிகள். அங்கே குறுக்காக ஒரு கோடு. அதற்கும் கீழே, கடைசியாக, பயணிகள்.

அங்கேதான் அவளைப் போட்டிருந்தது.

"இங்க உங்க கையெழுத்தும்மா" என்று அதிகாரி விரலால் தொட்டுக் காட்டினாள். சின்னப் பெண். சட்டைக் காலரில் புதுச் சீருடையின் விறைப்பு இன்னும் போகவில்லை.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

கணவர் பக்கத்து நாற்காலியில் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகின் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், ரேடியோ உரிமம், கிளம்பிய துறைமுகத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாயிற்று. உறையில் இனி ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது புதிதில்லை. கல்யாணமான புதிதில் அவருடைய மௌனத்துக்கு அர்த்தம் தேடித் தேடி அலுத்துப்போனாள். பிறகு, வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதோடும் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டாள்.

ஆனால் இது வாய் மூடி இருப்பதல்ல. எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

பயணியாம்.

பயணி என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, குமட்டினால் பை கேட்கிற ஆள். விடியும் முன்னே பாய் ஏற்றியது யார்? பாதிக் கடலில் காற்று திரும்பியபோது ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தது யார்? உள்ளங்கை இப்போதும் எரிகிறது.

தங்கை இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு எழுந்து நடமாடுகிறவரை அவளுக்குப் பக்கத்தில் இருக்க நாதியில்லை. பயணிகள் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்பதால்தான் சொந்தப் படகில் எல்லை தாண்டி வந்தது.

"ரெண்டு நாள் இருந்துட்டு உங்களோடயே திரும்பிடறேன்" என்று கணவரிடம் அவளேதான் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் தீப்பெட்டி எங்கே என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர்.

அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். மறுநாளே சாப்பாட்டு மேஜை நிறைய இந்தத் தாள்களைப் பரப்பிக்கொண்டார். அவள் எட்டிப் பார்க்கவில்லை. காகித வேலை எப்போதும் அவருடையது.

"ஏங்க, இது என்ன?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே அவர்களுடைய படகு, அனுமதி கிடைக்கிறவரை இறக்கக் கூடாத மஞ்சள் கொடியோடு, இரண்டு பெரிய கப்பல்களுக்கு நடுவில் அசைந்துகொண்டிருந்தது.

"உங்களைத்தான். நான் பயணின்னா நீங்க யாரு? ஆளே இல்லாம கப்பல் விடற மகாராஜாவா?"

அதிகாரி சிரிப்பை அடக்க முத்திரையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

"நீ அதை அடிச்சுட்டு மேல எழுதும்மா. கயிறு இழுக்கறவ நான்."

"தாராளமா மாத்தலாம்." அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வெளிநாட்டுப் படகு இங்க மூணு நாளைக்கு மேல நிக்க முடியாது. மாலுமின்னு போட்டா, படகு கிளம்பறப்ப நீங்களும் அதுல ஏறியே ஆகணும். பயணின்னா அந்தக் கட்டாயம் இல்ல. படகு போயிடலாம், நீங்க இருந்துக்கலாம். மூணு மாசம் வரைக்கும்."

பேனா முனை கட்டத்தின் மேல் காத்து நின்றது.

"மாத்திடவா?"

அவள் தாளைப் பார்த்தாள். குறுக்கே இருந்த கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது. அப்படி நேராக இருந்தது.

கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

என்னவெல்லாமோ கேட்க வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. தீப்பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா என்று. எதைக் கேட்டாலும் அழுகைதான் முதலில் வரும் என்று தோன்றியது.

"வேண்டாம்மா" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உள்ளங்கை எரிச்சலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

முத்திரை விழுந்தது. முதலில் அவளுடைய பாஸ்போர்ட்டில், பிறகு அவருடையதில். அதிகாரி தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப திரும்பிப் போறப்ப நீங்க ஒருத்தர்தானா ஐயா? தனியா ஓட்டிடுவீங்களா?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். காலி உறையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"இவ ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன்" என்றார்.