எரியாத கார்

"அக்கா, மொதல்ல வாயத் தொறங்க. நீங்க இல்லேன்னா நாங்க ஒம்பது பேரும் இன்னைக்கு ஜெயில்ல கம்பி எண்ணிக்கிட்டு இருப்போம்."

செல்வலட்சுமி ஊட்டிவிட்ட ஜாங்கிரியை ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்திருந்த அம்சவல்லி சிரித்துக்கொண்டே விழுங்கினாள். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சங்க அலுவலகத்தில் மனுக்கள் டைப் அடிப்பது அவள் வேலை.

சங்கம் ஆரம்பித்த குற்றத்துக்காகத் தொழிற்சாலை செல்வலட்சுமி உட்பட ஒன்பது பெண்களை நீக்கிப் பதினான்கு மாதமாகியிருந்தது. மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லிக் காலையில்தான் தீர்ப்பு வந்தது.

"நான் இன்னா பண்ணேன்? கேஸ் நடத்துனது வக்கீலு. கம்பெனி கேட்டாண்ட வெயில்ல குந்திக்கினு இருந்தது நீங்க. கூட வந்து நின்னது ஆறு கம்பெனி ஜனங்க."

"மேனேஜர் காரக் கொளுத்த நான் பெட்ரோல் வாங்கி வச்சிருந்தப்ப எல்லாரும் என்னைத் திட்டுனாவ. நீங்க மட்டுந்தான் பக்கத்துல உக்காந்து பேசுனீய."

அன்று அம்சவல்லி சொன்னது செல்வலட்சுமிக்கு அப்படியே நினைவிருந்தது.

'இந்த மேனேஜர் போனா நாளைக்கே வேற ஒருத்தன் வருவான். உன் உழைப்ப உறிஞ்சறது ஒரு ஆளு இல்ல, ஒரு ஏற்பாடு. மார்க்ஸ் சொன்னது அதான். அத மாத்தணும்னா ஜனங்க மொத்தமா எழுந்திரிக்கணும். அவங்களுக்குப் பதிலா நாலு பேரு குண்டு வச்சா, ஜனங்க பயந்து கதவ சாத்திக்குவாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல குண்டு வெடிச்ச அன்னிக்கு நான் அங்க இருந்தேன், செல்வி. செத்தது யாரு தெரியுமா? பண்ணையார் அடிச்சான்னு புகார் குடுக்க வந்த ரெண்டு கூலிக்காரங்க. அடுத்த வாரமே அந்த ஊரு கூலிச் சங்கத்தையும் இழுத்து மூடிட்டாங்க.'

"தன் தப்பத் தானே ஒடைச்சுச் சொல்ல யாருக்குக்கா மனசு வரும்? நீங்க சொன்னிய, அதனாலதான் நான் உங்க பேச்சக் கேட்டேன்."

அம்சவல்லி நிமிர்ந்தாள். "என் தப்பா?"

செல்வலட்சுமி தயங்கினாள். "ஆயுதம் தூக்குன அந்த இயக்கத்துல நீங்க இருந்தது, குண்டு வச்சது... உங்க கால் போனதும் அதுலதான்னு எல்லாரும் சொல்லுதாவ."

"கால் போனது அதுலதான். ஆனா குண்டு வச்சது நான் இல்ல. வச்சவங்க எதுக்கு வச்சாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் ஆஸ்பத்திரில படுத்துக்கினே மார்க்ஸப் படிக்க ஆரமிச்சேன்."

"பின்ன அந்த ஸ்டேஷன்ல நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீய?"

"பாரா நின்னுக்கினு இருந்தேன். அங்க நான் கான்ஸ்டபிள்."