ஆறு நிமிடத்துக்கு மேல்

இரண்டு நர்ஸ்களும் கழுத்து அட்டையைக் கழற்றி என் பைக்குள் போட்டார்கள்.

“ஒரு படுக்கைக்கு ஆறு நிமிஷம். தாண்டினா சிவப்பு எரியும். உங்களுக்கு நான் சொல்லணுமா அக்கா?” என்றாள் இருவரில் நெட்டையானவள்.

“போடி, போய் அவரைத் தூக்கு.”

மணி பத்தரை. பதினொன்றுக்கு முடிவு சொல்ல டாக்டர் வந்துவிடுவார். அதற்குள் ஒன்பதாம் படுக்கை பஸ் டிரைவர் தன் காலால் வாசல்வரை நடந்துவிட்டால் வீடு. இல்லாவிட்டால் ஊர்க்கோடியில், எழுந்திருக்க முடியாதவர்களைப் போட்டுவைக்கும் விடுதி.

பக்கவாதம் வந்த மனுஷரை உட்காரவைத்து, தலைசுற்றல் அடங்கக் காத்திருந்து, எழுப்பி நிறுத்த இருபது நிமிடமாவது வேண்டும். ஆஸ்பத்திரியை வாங்கிய கம்பெனி தருவது ஆறு. எந்த நர்ஸ் எந்தப் படுக்கையருகே எத்தனை நிமிடம் நின்றாள் என்று அட்டை தலைமை அலுவலகம்வரை கோள் சொல்லிவிடும்.

அதனால் அவர்கள் டிரைவர் பக்கத்தில். அவர்களுடைய அட்டைகள் என்னோடு ஊர்வலம்.

பத்தாம் படுக்கை. பதினொன்று. பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். தலையணையைத் தட்டினேன், போர்வையை இழுத்துவிட்டேன். வகுப்புக்கு மட்டம் போட்டவள் மாதிரி சிரிப்பு வந்தது.

பின்னால் நெட்டையின் குரல். “வலது காலக் கொண்டாங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

“ரைட் சொல்லும்மா, வண்டிய எடுக்கறேன்.”

டிரைவருக்கு வாய்தான் கோணியிருந்தது, நக்கல் கோணவில்லை.

“ரைட், ரைட்” என்றது வார்டே.

எட்டிப் பார்க்கத் திரும்பியவள், பதினாலாம் படுக்கை அம்மாளின் கையைப் பார்த்துவிட்டேன். ஊசி நரம்பைவிட்டு விலகி, புறங்கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

“எப்போலேர்ந்தும்மா?”

“காலையிலேர்ந்து. அவங்க ஓட்டமா ஓடறாங்க, பாவம். கூப்பிட மனசு வரல.”

சொட்டு மருந்தை நிறுத்தினேன். ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தி, கையை உயர்த்தி வைத்தேன். மறு கையில் நரம்பு தேடினேன். தடவித் தடவி, ஒரே குத்தில் கிடைத்தது.

வார்டு கைதட்டியது. அவர் வைத்த ஒரு அடிகூட நான் பார்க்கவில்லை.

நெட்டை மூச்சிரைக்க ஓடிவந்தாள். “வாசலத் தொட்டுட்டாரு அக்கா! தொட்டுட்டு, டிக்கெட் கேக்கறாரு.”

சிரித்துக்கொண்டே என் பையைப் பார்த்தாள். இரண்டு அட்டையும் சிவப்பு.

“நான் பாத்துக்கறேன்” என்றேன்.

மாடியேறி என் அறைக்குப் போனேன். சிவப்பு எரிந்தால் இறங்கிவந்து நர்ஸைக் கேள்வி கேட்பதற்குத்தான் இரண்டு வருஷம் முன்னால் என்னை வார்டிலிருந்து எடுத்து, மேற்பார்வையாளர் என்று இந்தக் கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்காரவைத்தார்கள்.

படுக்கை பதினாலு. பதினோரு நிமிடம். காரணம்?

நரம்பு தேடிய விரல்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

‘கை வீங்கியிருந்தது’ என்று அடித்தேன்.

அடுத்த கட்டம், நர்ஸ். இருந்த இரண்டு பெயரையும் அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.