கூட வந்தவள்

டாக்டர் நோயின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைமேல் தள்ளி வைத்தார். சீலியாக்.

அமிர்தவள்ளி அதைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக வயிற்றுக்குள் இருந்தது இவ்வளவு சின்னப் பெயர்தானா என்றிருந்தது. சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அந்த நாற்காலியிலேயே கொஞ்சம் படுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

ரத்தப் பரிசோதனையில்தான் முதலில் சந்தேகம் வந்தது. போன வாரம் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியாகிவிட்டது என்றார் டாக்டர். கோதுமை ஆகாத உடம்பு. அது உள்ளே போகப் போகக் குடல் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

கோதுமையா என்று இரண்டு முறை கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோகனாதான்.

ஆம்பூரில் ஒருவர் அல்சர் என்றார். குடியாத்தத்தில் பூச்சி என்றார்கள். இன்னொருவர் எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை எழுதினார். ரத்தம் கம்மி என்று சொல்லாதவர் கிடையாது. மிஷினை விட்டு அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போகிறாள் என்று ஷூ கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். நோயுமில்லை ஒன்றுமில்லை, வேலை செய்யச் சோம்பல் என்று தெருவில் பேசினார்கள். சில நாள் அவளுக்கே அப்படித்தானோ என்று தோன்றும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அரிசியைக் குறை, கோதுமை சாப்பிடு, தெம்பு வரும்.

மாமியார் இருந்தவரை கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். அவளுக்குப் பிறகு அந்த வேலையை மோகனா எடுத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் சோறு, அமிர்தவள்ளிக்கு மட்டும் தனியாக இரண்டு சப்பாத்தி. ரேஷன் கோதுமையைக் கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கூடவே நின்று அரைத்து வருவாள். அலுத்துக்கொண்டதே இல்லை.

வேலூருக்கு இழுத்து வந்ததும் அவள்தான். முதல் பஸ்ஸில் வந்து சீட்டுப் போட்டவளும், எந்த மாசம் எந்த மாத்திரை என்று டாக்டருக்கு ஒப்பித்தவளும் அவள்தான். அமிர்தவள்ளிக்கு இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

சோறு தாராளமாகச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். கேழ்வரகு, கம்பு எல்லாம் ஆகும். கோதுமை, மைதா, ரவை மட்டும் இனி ஆயுசுக்கும் கூடாது. சொல்லிவிட்டு, குழந்தைகள் எத்தனை என்று கேட்டார்.

மூன்று முறை உண்டாகி மூன்றும் கலைந்துபோனதை அமிர்தவள்ளி சொன்னாள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார்.

அப்போதே தெரிந்திருந்தால் ஒன்றாவது தங்கியிருக்குமா என்று கேட்டாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது, தங்கியிருக்கலாம் என்றார், குரலைத் தாழ்த்தி.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

இது ரத்த சொந்தத்தில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் இன்னொரு சீட்டை எடுத்தார். மோகனா பக்கம் திரும்பி அவள் பெயரையும் வயதையும் கேட்டார்.

மோகனா திரும்பி அமிர்தவள்ளியைப் பார்த்தாள்.

“அவ என் கூடப் பொறந்தவ இல்ல டாக்டர்,” என்றாள் அமிர்தவள்ளி. யாரோ ஊர் பேர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்தான் சொன்னாள். “எனக்குக் கொழந்த தங்கலன்னு எங்க வூட்டுக்காரரு ரெண்டாவதா கட்டிக்கினு வந்தவ.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மோகனா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்திருந்தாள்.

அமிர்தவள்ளிக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. மோகனாவின் தோளில் கையை ஊன்றி, மெல்ல எழுந்தாள்.